மன்றத்தின்ர பொன்ரியாக்

தமிழன் ஒருத்தன் இந்தக் கனடாவில கார் வாங்கலாம், விக்கலாம், கொண்டுபோய் இடிச்சுப்போட்டு இன்சூரன்சுக்கு அலையலாம். ஒருத்தரும் ஏனெண்டு கேக்கமாட்டினம். ஆனால் பழைய கார் ஒண்டைத் திருத்திப் புதுசாக்கி வைச்சிருந்தானெண்டால் அவனுக்கு ஒரு தலைவர், ஒரு செயலாளர், சட்டதிட்டம் எழுதின ஒரு யாப்பு எல்லாம் தன்பாட்டில வந்து சேரும். எனக்கு வந்து சேர்ந்தது. நான் கூப்பிடேல்லை.

என்ர பேர் நவரட்ணம். ரெக்ஸ்டேலில பிளாஸ்ரிக் வாளி செய்யிற பக்ரறியில வேலை. அங்க எங்களுக்கு ஃபோர்மனாய் இருந்த வெள்ளைக்காரக் கிழவன் பென்சன் எடுத்துக்கொண்டு போகேக்க, தன்ர வளவுக்குள்ள புல்லு மூடிக் கிடந்த கார் ஒண்டைக் காட்டி, "தூக்கிக்கொண்டு போறதெண்டால் போ" எண்டான். அறுபத்தேழாம் ஆண்டுப் பொன்ரியாக். ரெண்டு கதவு, மடிச்சு விழுத்திற கூரை, முன்னுக்கு ஆனை மாதிரி ஒரு எஞ்சின். அந்தக் காலத்துப் பெடியள் சிக்னல் லைற்றில நிண்டு உறுமிக்காட்டின சாமான். மசில் கார் எண்டு சொல்லுறவை. நான் கண்ட நேரம் அதில மசிலும் இல்லை, எலும்பும் அரைவாசிதான். பின் சீற்றுக்குள்ள அணில் குடியிருந்தது.

அதைத் தூக்கிக்கொண்டு வந்து மாக்கஸின்ர கராஜில போட்டன். மாக்கஸ் மன்னார்ப் பெடியன். ஸ்காபரோவில இடிபட்ட காருகளைத் தட்டி நிமித்திப் பெயின்ற் அடிக்கிற கடை வைச்சிருந்தான். காரைச் சுத்திப் பாத்துப்போட்டு, "அண்ணை, உங்களுக்கு வீட்டில ஒருத்தரும் இல்லையோ?" எண்டு கேட்டான்.

உண்மையில அப்ப ஒருத்தரும் இல்லைத்தான். கலியாணம் கட்டின கையோட நான் இஞ்ச வந்திட்டன். என்ர மனிசி குணவதி வெள்ளவத்தையில ஒரு லொட்ஜில இருந்து விசாவுக்குக் காத்துக்கொண்டிருந்தாள். அவள் வந்துசேர ஆறு வருசம் பிடிச்சது. அந்த ஆறு வருசமும் வேலை முடிய நேர கராஜுக்குப் போய்த் துருச் சுரண்டுறதுதான் எனக்குக் குடும்ப வாழ்க்கை.

ஒருக்கா அவளுக்குக் கடிதத்தில எழுதினன்: கூரை திறக்கிற கார் ஒண்டு செய்யிறன், நீ வந்தவுடன அதில ஏத்தி றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிட்டக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு. அவள் அதை லொட்ஜில எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டியிருக்கிறாள். "இவ்வளவு காலம் கனடாவில உழைச்சும் கூரை போட வசதியில்லையோ உன்ர மனிசனுக்கு?" எண்டு கேட்டுச் சிரிச்சவையாம். இதை அவள் எனக்கு எயார்போட்டில வைச்சே சொல்லிப்போட்டாள்.

அவள் வந்தும் ரெண்டு வருசம் போச்சு. தொண்ணூற்றாறாம் ஆண்டு மே மாதம் கார் முடிஞ்சது. கரும்பச்சை உடம்பு, வெள்ளைச் சீற்று. ஸ்ராட் பண்ணினால் கராஜ் தகரம் எல்லாம் நடுங்கும். நானும் மாக்கஸும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தம். கண் கலங்கினதுதான், பொய் சொல்லேல்லை.

முடிஞ்ச நேரம் பாத்து மாக்கஸின்ர கட்டடத்தை இடிக்கப்போறம் எண்டு சொந்தக்காரன் சொல்லிப்போட்டான். இலையுதிர் காலத்துக்கு முதல் வெளிக்கிடவேணும். எங்கட அப்பார்ட்மென்ற் நிலக்கீழ்ப் பார்க்கிங்கில ஒரு வீட்டுக்கு ஒரு கார்தான் விடலாம், அதில நான் வேலைக்கு ஓடுற கொறொல்லா நிக்குது. பனிக்காலத்தில இதை ரோட்டில விட்டால், பனி உருகக் கொட்டுற உப்புத் திண்டுபோடும். ஆசையாய் ஓடுற ஒருத்தருக்கு விக்கிறதெண்டு நானும் குணவதியும் இருந்து கதைச்சு முடிவெடுத்தம். அவள் ஒரேயொரு கண்டிசன் வைச்சாள்.

"விக்க முதல் ஒருக்கா என்னை அதில ஏத்திக்கொண்டு போங்கோ. கூரையைத் திறந்துவிட்டு. லொட்ஜில சிரிச்ச ஆக்களுக்கு ஒரு படம் எடுத்து அனுப்பவேணும்."

அவள் கேட்டது அது ஒண்டுதான். ஞாயிற்றுக்கிழமை காலமை போறதெண்டு நாள் வைச்சம்.

சனிக்கிழமை அருள்நாயகம் அங்கிள் தன்ர கம்றிக் காரின்ர பம்பர் கீறுப்பட்டதெண்டு மாக்கஸின்ர கடைக்கு வந்தார். ஆளைப் பற்றி ஒண்டு சொல்லவேணும். பிக்கரிங்கில வீடு. ஊரில அரசாங்கக் கச்சேரியில பெரிய உத்தியோகம் பாத்தவர். குணவதியை ஸ்பொன்சர் பண்ணின பேப்பர் எல்லாம் ஒரு சதம் வாங்காமல் நிரப்பித் தந்தது அவர்தான். அந்த நன்றி என்ர கழுத்தில ஒரு சுருக்கு மாதிரிக் கிடந்தது. அவருக்கு முன்னால எனக்கு 'இல்லை' எண்ட சொல்லு வராது.

"நவம், உது ஆற்ற?"

"என்ரதான் அங்கிள்."

அவர் காரைச் சுத்தி நடந்தார். ரெண்டு கையையும் பின்னுக்குக் கட்டிக்கொண்டு, ஏதோ குறை கண்டுபிடிக்க வந்த ஆள் மாதிரி. "பூசை போட்டாச்சோ?"

"நாளைக்குக் குணவதியோட கோயிலுக்குப் போகத்தான் இருக்கிறம்."

"பூசை போடாமல் எடுத்துக்கொண்டு போறதோ பூசைக்கு? விசர்க் கதை கதையாதை. ஐயரை நான் இஞ்ச கூட்டிக்கொண்டு வாறன்."

ஞாயிறு காலமை ஐயர் வந்தார். அங்கிளோட இராஜரட்ணம் எண்டு இன்னொருத்தரும் வந்தார், இன்சூரன்ஸ் விக்கிறவர். குணவதி பட்டுச் சீலை கட்டி, காத்துக்குத் தலைமயிர் பறக்காமல் இறுக்கிப் பின்னிக்கொண்டு வந்து நிண்டாள். நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைச்சு, சந்தனம் குங்குமம் பொட்டு வைச்சு, எல்லாம் முறையாய் நடந்தது. கார்த் திறப்பையும் தட்டில வைக்கச் சொன்னார் ஐயர். வைச்சன். அதுதான் நான் அந்தத் திறப்பைக் கடைசியாய்த் தொட்டது.

அந்தக் காலத்துப் பொன்ரியாக்குக்கு ரெண்டு திறப்பு. ஒண்டு ஸ்ராட் பண்ண, மற்றது பின் டிக்கிக்கு. கற்பூரம் காட்டி முடிய அங்கிள் தட்டில இருந்து ஸ்ராட் திறப்பை எடுத்துக் கண்ணில ஒற்றித் தன்ர சேட் பொக்கற்றுக்குள்ள போட்டார்.

"அங்கிள், திறப்பு..."

"பிள்ளையாரின்ர காலடியில ஒரு கிழமை இருக்கட்டும். என்ர வீட்டுச் சாமியறையில வைக்கிறன்."

இராஜரட்ணம் மற்றத் திறப்பை எடுத்தார். "ரெண்டு திறப்பும் ஒரே ஆளிட்ட இருக்கிறது யாப்புக்கு மாறு."

"எந்த யாப்பு?" எண்டு கேட்டன்.

"எழுதிக்கொண்டிருக்கிறம்" எண்டார்.

இப்ப நீங்கள் கேப்பியள், வேற திறப்பு வெட்டியிருக்கலாமே எண்டு. அதைப் பாத்து வெட்ட முதல் திறப்பு வேணும். மாக்கஸ் வயரைத் தொடுத்து ஸ்ராட் பண்ணித் தாறன் எண்டான். சொந்தக் காரை ஆராவது களவெடுப்பினமோ? ஒரு கிழமைதானே எண்டு விட்டன். குணவதி பட்டுச் சீலையோட கொறொல்லாவில ஏறி வீட்ட வந்து புட்டு அவிச்சாள்.

கிழமை முடிஞ்சு திறப்பு வாங்க பிக்கரிங் போனன். பேஸ்மென்ற்றில கதிரை போட்டு ஆக்கள் இருந்தவை. சுவரில துணியில எழுதிக் கட்டியிருந்தது: 'கனடாத் தமிழர் புராதன மோட்டார் வாகனச் சேகரிப்போர் நற்பணி மன்றம் – அங்குரார்ப்பணக் கூட்டம்.' எனக்கு ஒரு வடையும் தேத்தண்ணியும் தந்து பின் வரிசையில இருத்திச்சினம்.

பதினொரு பேர் கொமிற்றி. தலைவர் அருள்நாயகம், செயலாளர் இராஜரட்ணம், அதுக்குக் கீழ உபதலைவர், உபசெயலாளர், போஷகர் எண்டு போகுது. அந்தப் பதினொரு பேரில ஒருத்தரிட்டயும் பழைய கார் இல்லை. பழைய கார் வைச்சிருந்த ஒரேயொரு ஆள் நான். என்னைக் கொமிற்றியில போடேல்லை. கார் உள்ளவன் உள்ளுக்கு இருந்தால் பக்கச்சார்பு வந்திடுமாம்.

தலைவர் எழும்பிப் பேசினார்.

"பெரியோர்களே, நான் பதவிக்கு ஆசைப்பட்டவன் அல்ல. இப்போது எட்டு மன்றங்களுக்குத் தலைவராக இருக்கிறேன், ஒன்றிலாவது நான் ஆசைப்பட்டது கிடையாது. மோட்டார் வாகனங்களைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாது. ஆகவேதான் இந்த மன்றத்தை நடுநிலையோடு நடத்த என்னால் முடியும். தெரிந்தவர்களிடம் கொடுத்தால் அவர்கள் காரைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள், மன்றம் வளராது."

கைதட்டல் வானைப் பிளந்தது எண்டு அடுத்த கிழமைத் தமிழ்ப் பேப்பரில போட்டிருந்தது. அந்த பேஸ்மென்ற்றுக்கு வானம் எங்கால வந்ததெண்டு எனக்குத் தெரியாது.

கூட்டம் முடியக் கிட்டப்போய்க் கேட்டன். "அங்கிள், திறப்பைத் தந்தியளெண்டால் குணவதியை ஒருக்கா..."

"நவம், உனக்கு விளங்கேல்லை. அது இனி மன்றத்தின்ர முதலாவது சேகரிப்பு. அதின்ர கன்னி ஓட்டம் ஒரு வரலாற்று நிகழ்ச்சி. அதில ஆர் ஆர் இருக்கிறதெண்டு முடிவெடுக்காமல் காரை அசைக்கேலாது."

ஆர் ஆர் இருக்கிறதெண்டு முடிவெடுக்க ஆசன ஒதுக்கீட்டு உபகுழு ஒண்டு போட்டிச்சினம். காரில ஓட்டுறவரை விட்டால் முன்னுக்கு ஒருத்தர், பின்னுக்கு நெருக்கி மூண்டு பேர். கொமிற்றி பதினொண்டு. உபகுழு ஜூன் முழுக்கக் கூடிச்சுது, ஜூலை முழுக்கக் கூடிச்சுது. முன் சீற்று தலைவருக்கு எண்டு தலைவரின்ர ஆக்கள். நிர்வாகத்தைக் கொண்டு நடத்திறது செயலாளர், அவருக்குத்தான் முன் சீற்று எண்டு மற்றவை. ஒருத்தர், முன் சீற்றை வெறுமையாய் விட்டு அதில பிள்ளையார் படத்தை வைக்கலாம் எண்டு சொன்னார். பிள்ளையாரை ஆர் பிடிச்சுக்கொண்டிருக்கிறது எண்டதில அதுவும் முறிஞ்சது.

"குணவதிக்கு ஒரு இடம்?" எண்டு நான் உபகுழுவைக் கேட்டன்.

"மன்றத்துக்கு மகளிர் அணி தொடங்கினாப் பிறகு அவவின்ர பேரைப் பரிசீலிக்கலாம்."

"எப்ப தொடங்குவியள்?"

"அதுக்கு முதல் ஒரு உபகுழு போடவேணும்."

வீட்ட போய் இதைச் சொன்னன். குணவதி மரக்கறி வெட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். "இதோட பாத்தால் கனடா விசா கெதியாய்க் கிடைச்சதப்பா" எண்டாள்.

கோபிச்சிருந்தால் எனக்குச் சுகமாய் இருந்திருக்கும். அவள் கோபிக்கேல்லை. எம்பசி வாசலிலயும் லொட்ஜ் படியிலயும் காத்திருந்து பழகின மனிசி, இதுக்கும் காத்திருக்கத் தொடங்கிட்டாள். எனக்கு அதுதான் நெஞ்சுக்குள்ள கொதிச்சது. விடியப் பக்ரறிக்குப் போய் வாளிகளை அச்சில இருந்து கழட்டேக்க ஒவ்வொரு வாளியிலயும் அங்கிளின்ர முகம் தெரிஞ்சது. பின்னேரம் அவரைக் கண்டால் "ஓம் அங்கிள்" எண்டுதான் வாய் சொல்லும். என்ன கோதாரி வாயோ தெரியாது.

கோடை போச்சு. மன்றம் ஒரு சிறப்பு மலர் அடிச்சுது. முதல் பக்கம் தலைவர், ரெண்டாம் பக்கம் செயலாளர், மூண்டாம் பக்கம் போஷகரின்ர ஆசிச்செய்தி. நடுப்பக்கத்தில காரின்ர படம். பதினொரு பேரும் காருக்கு முன்னால வரிசையாய் நிண்டதால ஒரு சில்லு மட்டும் தெரிஞ்சது. அஞ்சடி உயரத்தில ஒரு பித்தளைக் குத்துவிளக்கும் வாங்கிச்சினம், அடியில மன்றத்தின்ர பேர் கல்வெட்டு மாதிரி வெட்டினது. அதை வைக்க ஒருத்தற்ற வீட்டிலயும் இடமில்லை எண்டு இராஜரட்ணம் கழட்டித் துண்டுதுண்டாய்க் காரின்ர டிக்கிக்குள்ள வைச்சுப் பூட்டினார். டிக்கித் திறப்பு அவரிட்ட. ஸ்ராட் திறப்பு அங்கிளிட்ட. கார் என்னட்டயாம்.

இங்கிலீசுப் பேப்பரில நான் போட்ட விளம்பரத்தைப் பாத்து ஓகஸ்ற்றில ஒரு வெள்ளைக்காரர் வந்தார். பெற்றர்சன் எண்டு பேர், றிச்மண்ட் ஹில்லில இருக்கிறார், பல் டொக்ரராய் இருந்து ஓய்வெடுத்தவர், பழைய காருகள் சேர்க்கிறவர். வந்தவுடன கதைக்கேல்லை. சேட்டோட நிலத்தில படுத்துக் காருக்குக் கீழ போனார். திரும்பி வந்து மாக்கஸின்ர கையையும் என்ர கையையும் பிடிச்சுக் குலுக்கினார். வாங்கினால் சும்மா மூடி வைக்கமாட்டன், ஞாயிறு ஞாயிறு ஓடுவன் எண்டு சொன்னார். எனக்கு ஆளைப் பிடிச்சுக்கொண்டுது.

"எஞ்சின் சத்தம் ஒருக்காக் கேக்கலாமோ?" எண்டு கேட்டார்.

"திறப்புக் கொமிற்றியிட்ட இருக்கு" எண்டன்.

"என்ன கொமிற்றி?"

அதுக்கு என்னட்ட இங்கிலீசில மறுமொழி இருக்கேல்லை. யோசிச்சுப் பாத்தால் தமிழிலயும் இல்லை. ஆனால் மனிசன் என்ர முகத்தைப் பாத்து என்ன நினைச்சாரோ, சரி, நான் எடுக்கிறன் எண்டு சொல்லிப்போட்டார்.

அங்கிளுக்குச் செய்தி போச்சு. அண்டைக்கே அவசரக் கூட்டம். "எங்கட முதலாவது சேகரிப்பை ஒரு வெள்ளைக்காரர் கராஜுக்குள்ள வந்து சும்மா எடுத்துக்கொண்டு போறதோ?" எண்டு கேட்டார். கையளிப்பு விழா ஒண்டு வைச்சு, மாலை போட்டு, பொன்னாடை போத்தித்தான் குடுக்கிறதெண்டு தீர்மானம். சேகரிக்கிற மன்றம் இருக்கிற ஒரு காரையும் விக்கலாமோ எண்டு ஆரோ ஒரு புண்ணியவான் கேட்டிருக்கிறார். தலைவர் கொஞ்சமும் தடுமாறேல்லை. "நாங்கள் சேகரிப்பது கார்களை அல்ல, சேகரிப்பாளர்களை" எண்டாராம். அதுக்கும் கைதட்டல்.

விழாவுக்கு முதல் நாள் கடைசியாய் ஒருக்கா அவரிட்டப் போனன். "அங்கிள், நாளைக்கு இரவு கார் அவரோட போயிடும். இண்டைக்கு ஒரு மணித்தியாலம் திறப்பைத் தாங்கோ. குணவதிக்குச் சொல்லி எத்தினை வருசம்..."

"விழா முடியட்டும் நவம்."

"முடிய அவர் கொண்டு போயிடுவாரே."

"அப்ப அடுத்த விழாவில பாப்பம்" எண்டார். பகிடிக்குச் சொல்லேல்லை. முகத்தில ஒரு சிரிப்பும் இல்லை. அவர் நெஞ்சாரத்தான் சொன்னவர்.

செப்ரெம்பரில ஒரு சனிக்கிழமை, ஸ்காபரோவில ஒரு கலியாண ஹோலில விழா. மாக்கஸ் ரோ றக்கில காரை இழுத்துக்கொண்டு வந்து பார்க்கிங் லொட்டின்ர அந்தத் தொங்கலில விட்டான். கூரையை மடிச்சு, அதுக்கு மேல மன்றத்தின்ர பதாகையை வரிஞ்சு கட்டி, சுத்தவரப் பிளாஸ்ரிக் பூ ஒட்டிச்சினம். அழைப்பிதழில அஞ்சு மணி எண்டு போட்டிருந்தது. பெற்றர்சன் அஞ்சுக்கு முதலே கோட்டும் ரையும் கட்டிக்கொண்டு வந்து நிண்டார். எங்கட சனம் ஏழு மணிக்குப் பிறகு ஒவ்வொண்டாய் வந்தது. மனிசன் அந்த நேரம் முழுக்கப் பூட்டின ஹோல் கதவுக்கு முன்னால ஒரு மாலையோட நிண்டார். ஆரோ அவரிட்டப் பிடிக்கக் குடுத்துப்போட்டுப் போன மாலை.

குணவதி முதல் பூசைக்குக் கட்டின பட்டுச் சீலையையே கட்டிக்கொண்டு வந்தாள். தலையை இறுக்கிப் பின்னேல்லை. காத்துக்குத் தலைமயிர் பறக்கிற வேலை ஒண்டும் இனி இல்லை எண்டு தெரிஞ்சிருக்கும். நான் அவளின்ர முகத்தைப் பாக்கேல்லை. பாக்க ஏலாமல் இருந்தது.

பிரச்சினை நிகழ்ச்சி நிரலில வெடிச்சது. அடிச்சது செயலாளர். முதலாவது: வாகனம் மண்டப வாசலுக்கு வருகை. ரெண்டாவது: மங்கள விளக்கேற்றல். அதைப் பாத்த தலைவருக்கு உச்சியில ஏறிட்டுது.

"விளக்கேத்தாமல் காரை ஸ்ராட் பண்ணுறதோ? அபசகுனம்! முதல் விளக்கு. பிறகுதான் நான் திறப்புத் தருவன்."

"விளக்கு டிக்கிக்குள்ள இருக்கு" எண்டார் இராஜரட்ணம்.

"டிக்கியைத் திறவுங்கோ."

"கார் வாசலுக்கு வந்தாப் பிறகுதான் டிக்கி திறக்கலாம். நிரல் அப்பிடி. அச்சடிச்சாச்சு."

பார்க்கிங் லொட்டில ரெண்டு கட்சி பிரிஞ்சு நிண்டுது. ஒரு கட்சியிட்ட எஞ்சின், மற்றக் கட்சியிட்ட விளக்கு. மைக்கை வெளியில கொண்டு வந்திட்டினம். விளக்கேத்த முதல் பேச்சு நடத்திறது சரியோ எண்டு ஒருத்தர் கேக்க, இது பேச்சில்லை, அறிவித்தல் எண்டு சொல்லித் தலைவர் மைக்கைப் பிடிச்சார்.

"என்னிடம் இந்தத் திறப்பு மூன்றரை மாதமாக இருக்கிறது. ஒருநாளாவது நான் அந்தக் காரை ஓட்டினேனா? இல்லை. வேறு ஒருவரையாவது ஓட்ட விட்டேனா? அதுவும் இல்லை. இதைவிட ஒரு பொறுப்பான தலைமையை நீங்கள் எங்கே காண்பீர்கள்?"

செயலாளர் மைக்கை வாங்கினார். "நேரமின்மை காரணமாக நான் சுருக்கமாக..." எண்டு தொடங்கினார். தேரோட்டிய இனம் நாங்கள், எங்கட தேர்தான் உலகத்தின்ர முதலாவது கூரையில்லாத வாகனம், அதைப் பாத்துத்தான் அமெரிக்கன் பொன்ரியாக் செய்தவன் எண்டு போச்சுது அந்தச் சுருக்கம். அந்த இடத்தில மழை தூறத் தொடங்கிச்சுது.

"கோயில் தேருக்குக் கூரை இருக்குத்தானே" எண்டு குணவதி எனக்கு மட்டும் கேக்கச் சொன்னாள். பிறகு காரைத் திரும்பிப் பாத்தாள். வெள்ளைச் சீற்று. மடிச்ச கூரைக்கு மேல பதாகை இறுகிக் கிடக்கு, இழுத்து மூட ஏலாது. ஒவ்வொரு துளியும் அந்தச் சீற்றில விழேக்க எனக்கு நெஞ்சில விழுந்த மாதிரி இருந்தது.

அவள் கைப்பைக்குள்ள இருந்து குடையை எடுத்து விரிச்சாள். பார்க்கிங் லொட் முழுக்க நடந்து போய், கார்க் கதவைத் திறந்து, முன் சீற்றில ஏறி இருந்தாள்.

உபகுழுவின்ர ஆள் ஒருத்தர் பதறிக்கொண்டு ஓடினார். "தங்கச்சி, இறங்குங்கோ! அந்த ஆசனம் இன்னும் ஒதுக்கேல்லை!"

"நான் இருக்கேல்லை அண்ணை" எண்டாள் குணவதி. "சீற்றுக்குக் குடை பிடிக்கிறன்."

அவர் யோசிச்சார். யாப்பில குடை பிடிக்கிறதைப் பற்றி ஒண்டும் இல்லை. திரும்பி வந்திட்டார்.

நேரம் ஒன்பதாகுது. ஹோல்காரர் பதினொண்டுக்குப் பூட்டப்போறன் எண்டு வந்து சொல்லிப்போட்டுப் போனார். சாப்பாடு ஆறுது. அப்பதான் போஷகர் எழும்பினார். வயசாளி, அதுவரைக்கும் கதிரையில நித்திரை. ரெண்டு பக்கக் கதையையும் கேட்டுப்போட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "விளக்கேத்த முதல் கார் ஓடக்கூடாது. ஆனால் விளக்கெடுக்கக் கார் வாசலுக்கு வரவேணும். ஆகவே தள்ளுங்கோ. தள்ளிக்கொண்டு வந்தால் கார் வந்ததாயும் இருக்கும், ஓடாததாயும் இருக்கும்."

ரெண்டு கட்சிக்கும் முகம் மலர்ந்துது. மூண்டரை மாதத்தில ஏகமனதாய் எடுத்த முதல் தீர்மானம் அதுதான்.

பிறகு நடந்ததை முதல் சொல்லிப்போட்டு விடுறன். விளக்கு ஏத்தினவை. விளக்கின்ர நடுத்தண்டு டிக்கிக்குள்ள ஒரு மூலையில மாட்டுப்பட்டு வரேல்லை, அதால அரைவாசி விளக்குத்தான். பெற்றர்சனுக்குப் பொன்னாடை போத்தினவை, பிடிச்சுக்கொண்டு நிண்ட மாலையையே அவருக்குப் போட்டவை. திறப்பு ரெண்டையும் தட்டில வைச்சு ரெண்டு கட்சியும் வேற வேறயாய்க் குடுத்தவை. மனிசன் ஸ்ராட் பண்ணி, பிளாஸ்ரிக் பூவோடயே போனார். டிக்கிக்குள்ள அந்த நடுத்தண்டும் போச்சுது. அடுத்த மாதம் மன்றம் ரெண்டாய் உடைஞ்சு, ரெண்டும் இண்டைக்கும் இருக்கு. ரெண்டின்ர ஆண்டறிக்கையிலயும் முதலாவது சேகரிப்பெண்டு என்ர கார்தான் இருக்கு.

ஆனால் அதுக்கு முதல் தள்ளினது இருக்கே, அதைச் சொல்லவேணும்.

ஸ்ரியறிங் பிடிக்க ஒரு ஆள் வேணும். தலைவர் பிடிச்சால் செயலாளருக்குப் பிடிக்காது. என்னைக் கூப்பிட்டினம். கொமிற்றியில இல்லாத ஆள், பக்கச்சார்பு வராது. நான் போய் ஏறி இருந்து கியரை நியூற்றலில போட்டன். பக்கத்தில குணவதி குடையோட இருக்கிறாள். தள்ளுறதில மும்முரமாய் நிண்டவைக்கு அவளை இறக்கவேணும் எண்டு ஞாபகமே வரேல்லை.

தலைவர் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு ஒரு பக்கம். செயலாளர் மறுபக்கம். கொமிற்றி முழுக்கப் பின்னுக்கு. மாக்கஸ் சிரிப்பை அடக்க ஏலாமல் கமராவைத் தூக்கிக்கொண்டு முன்னால ஓடினான். இது எங்கட சமய வழக்கம் எண்டு நினைச்சாரோ என்னவோ, பெற்றர்சனும் கோட்டைக் கழட்டி வைச்சுப்போட்டு வந்து பக்தியோட தோள் குடுத்தார்.

கார் அசைஞ்சது. சத்தமில்லாமல், மெதுவாய், கரும்பச்சை நனைஞ்சு மினுங்க. நாதஸ்வரக் கசெற்றை ஆரோ போட்டுவிட்டினம். குணவதி குடையைச் சுருக்கிக் காலுக்குக் கீழ வைச்சாள். மழை முகத்தில விழ விழ நிமிந்து இருந்தாள். கையை எடுத்துக் கதவுக்கு மேல போட்டாள், ஏதோ பிறந்த நாளில இருந்து இப்பிடித்தான் போறவள் மாதிரி. எனக்கு வெக்கமாயும் இருந்தது, சந்தோசமாயும் இருந்தது, அழுகையும் வந்தது. மழையால ஒருத்தருக்கும் தெரியேல்லை. பின்னுக்கு அருள்நாயகம் அங்கிளுக்கு மூச்சு வாங்கிற சத்தம் கேட்டது.

வாசல் கிட்ட வரேக்க அவள் என்ர பக்கம் சாய்ஞ்சாள்.

"இஞ்சருங்கோ, இவையள் றிச்மண்ட் ஹில் மட்டும் தள்ளுவினமோ எண்டு ஒருக்காக் கேளுங்கோவன்."

நான் கேக்கேல்லை. கேட்டால் அதுக்கும் ஒரு உபகுழு போட்டிருப்பினம்.